தாளம் தப்பினாலும் தேர் பார்க்கலாம்!

வியாபாரம் என்றாலே பரபரப்புதான். விடியுமுன் லோடு வந்து நிற்கும். தீபாவளி வாரத்தில் கல்லாவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாது. இது போதாதென்று, சில ஆண்டுகளுக்கு முன் சரக்கு இறக்கிக் கொண்டிருந்தபோது நம் நெஞ்சுக்குள்ளேயே ஒரு பரபரப்பு தொடங்கியது. படபடப்பு, மூச்சு வாங்கல், தலைசுற்றல். ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர், ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்றார்.

வீட்டில் உடனே தடையுத்தரவு! தேருக்குப் போகக் கூடாது, கிரிக்கெட் பார்க்கக் கூடாது, பேத்தியின் காதுகுத்தில் ஓரமாக உட்கார வேண்டும். ஆறு மாதம் நாமும் பயந்து முடங்கிக் கிடந்தோம். அந்தப் பயத்தில் பாதி வீண் என்பது பிறகே புரிந்தது. அதை வணிக நண்பர்களுடன் பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறோம்.

எது ஆபத்து?

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை சீராகத் துடிக்க வேண்டும். இந்நோயில் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்குகின்றன. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகி, மூளைக்குப் போனால் பக்கவாதம். மற்றவர்களைவிட இந்நோயாளிகளுக்கு அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு. ஆக, நாம் பயப்பட வேண்டியது தேர்க் கூட்டத்துக்கு அல்ல, மாத்திரையை மறப்பதற்கு!

ஒரு எச்சரிக்கை. எல்லாத் தாளக் கோளாறும் ஒன்றல்ல. பிறவியிலேயே வரும் சில வகைகளில் திடீர் அதிர்ச்சியும் கடும் ஓட்டமுமே உயிருக்கு ஆபத்து. பில்லில் சரக்கின் பெயரைப் பார்த்து வாங்குவதுபோல, நோயின் பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். எது கூடும், எது கூடாது என்று கேளுங்கள்.

நாம் கடைப்பிடிப்பவை

காலையில் கடை திறக்குமுன் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுகிறோம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறோம். வார்ஃபரின் சாப்பிடுவோர் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையை விடக் கூடாது. பெரும்பாலோருக்கு அது 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். கீரையை அடியோடு நிறுத்தவும் வேண்டாம், ஒரே நாளில் கட்டுக்கட்டாகச் சாப்பிடவும் வேண்டாம். புதிய வகை மாத்திரைகளுக்கு இப்பரிசோதனை தேவையில்லை. ஆனால் ஒரு வேளை தவறினாலும் பாதுகாப்பு குறையும்.

மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் நாமாக வலி மாத்திரை வாங்குவதில்லை. ரத்தக் கசிவு உண்டாகும். கத்தியையும் கோணி ஊசியையும் கவனமாகக் கையாளுகிறோம். மது அறவே இல்லை. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, தூக்கம் மூன்றையும் கணக்குப் பார்க்கிறோம்.

நெஞ்சுவலி, மயக்கம், வாய் கோணுதல், கை மரத்துப் போதல், பேச்சுக் குழறல் என்றால் ‘வியாபாரம் முடியட்டும்’ என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

ஒரு சுவீடன்காரர்

ஆர்னே லார்சன் என்பவருக்கு இதயத் துடிப்பு அடிக்கடி நின்று நின்று மயக்கம் வரும். 1958-இல், 43 வயதில், உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர் அவர்தான். அந்த முதல் கருவி சில மணி நேரத்திலேயே பழுதானது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக் கொண்டு 86 வயது வரை வாழ்ந்து, 2001-இல் மறைந்தார். கருவியைச் செய்த பொறியாளரும், பொருத்திய டாக்டரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டனர்!

சென்ற முறை தேரோட்டத்துக்கு நாமும் போனோம். வடம் பிடிக்கவில்லை, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நிலை விட்டுத் தேர் அசைந்தபோது நெஞ்சு படபடத்தது உண்மைதான். கூட்டத்தில் யாருக்குத்தான் படபடக்கவில்லை? சட்டைப் பையில் மாத்திரை இருந்தது. பக்கத்தில் பேத்தி இருந்தாள்.

நண்பர்களே, ஆண்டுக்கொரு முறை கடையின் இருப்பைச் சரிபார்க்கிறோம். நாடியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்!