பழக்கடையின் பின்னாலுள்ள தோட்டம்

தாய்லாந்து சென்று திரும்புவோர் பெரும்பாலும் அங்குள்ள விகாரைகளையும் கடைத்தெருக்களையும் பற்றியே பேசுவர். நாமோ அங்கு தங்கிய நாள்களில் பழங்களையே அதிகம் கவனித்தோம். களுத்துறை மங்குஸ்தானையும் மல்வானை ரம்புட்டானையும் உண்டு பழகிய எமது வாசகர்களுக்கு இப்பழங்கள் புதியனவல்ல. ஆனால் பழம் மரத்திலிருந்து வாய்க்கு வந்து சேரும்வரை அம்மக்கள் காட்டும் கவனம் நாம் அறிந்திராத ஒன்று.

பாங்கொக் தெருக்களில் கண்ணாடிப் பெட்டி பொருத்திய தள்ளுவண்டிகள் நிற்கின்றன. உள்ளே ஐஸ் கட்டிகளின் மேல் அன்னாசி, வத்தகை, கொய்யா, மாங்காய் என்பன தோல் சீவி வைக்கப்பட்டிருக்கும். கேட்டதும் துண்டுகளாக வெட்டிப் பையிலிட்டு, குத்தி உண்ண ஒரு மூங்கிற்குச்சியும், உப்பு, சீனி, மிளகாய்த்தூள் கலந்த சிறு பொட்டலமும் தருகிறார்கள். கொய்யாவைக் கனியவிடாது, நறுக்கென்று கடிபடும் பதத்திலேயே விரும்புகின்றனர். உப்பும் தூளும் தொட்டு மாங்காய் தின்று வளர்ந்த எமக்கு இதைக் கற்றுக்கொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை.

மங்குஸ்தானை வாங்குமுன் விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். ஓடு கல்லைப்போல் இறுகியிருந்தால் உள்ளே பழுதென்று கொள்ளலாம். பழத்தின் அடியிலுள்ள சிறு பூவிதழ் போன்ற அடையாளத்தில் எத்தனை இதழ்களோ, உள்ளே அத்தனை சுளைகள். இதைச் சிறுவர்களுக்குக் காட்டினால் பழம் முழுவதும் தீரும்வரை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். டூரியன் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி, ஆகவே ஒன்றின்பின் மற்றதை உண்ண வேண்டும் என்பது அங்குள்ளோர் கொள்கை. சூடு, குளிர்ச்சி பார்த்துச் சமைக்கும் எமது தாய்மாருக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

ரம்புட்டானில் சிறந்ததெனக் கொள்ளப்படும் 'ரோங்ரியன்' வகையின் பெயருக்குப் பொருள் பாடசாலை என்பதாகும். தெற்கே சூரத் தானி மாகாணத்தில், பினாங்கிலிருந்து வந்த ஒரு சீனச் சுரங்க முதலாளி நாட்டிய விதைகளில் ஒன்று அருமையான மரமாயிற்று. சுரங்கம் மூடப்பட்டபின் அவ்வளவு பாடசாலையானது. மரத்துக்கும் அப்பெயரே நிலைத்தது. சதை விதையை விட்டு இலகுவாகக் கழன்று வருவது இதன் சிறப்பு.

டூரியன் விடயம் சற்றுப் பெரியது. மலேசியாவில் பழம் தானாக விழும்வரை காத்திருப்பர். தாய்லாந்திலோ முற்றிய காயை வெட்டி இறக்குகின்றனர். ஒருவர் மரத்தில் ஏறிக் காம்பை வெட்ட, மற்றவர் கீழே நின்று சாக்கினால் ஏந்திப் பிடிக்கிறார். 'மொந்தோங்', அதாவது தங்கத் தலையணை எனப்படும் வகை, பூத்து ஏறக்குறைய 4 மாதத்தில் முற்றும். காம்பைத் தடவியும், தடியால் தட்டி ஓசையைக் கேட்டும் முதிர்ச்சியை அறியும் கைகளுக்கு நல்ல கூலி உண்டு. சந்தையில் விற்பவரும், "இன்றைக்கா உண்ணப் போகிறீர்கள், நாளைக்கா?" என்று கேட்டுத்தான் காயைத் தெரிவு செய்கிறார். பருவத் தொடக்கத்தில் விலை அதிகம் என்பதால் பிஞ்சை வெட்டி விற்போரும் உளர். இதைத் தடுக்கவே மொந்தோங் சதையில் உலர்பொருள் குறைந்தது 32 வீதம் இருக்க வேண்டுமென அரசு விதித்துள்ளது.

இப்பழங்கள் வரும் தோட்டங்களைப் பார்த்தபோதுதான் எமக்குக் கவலை தோன்றியது. பாங்கொக்கை அடுத்த நொந்தபுரியில் சாவ் பிரயா ஆற்றோரத் தாழ்நிலத்தில் வாய்க்கால் வெட்டி, அம்மண்ணை மேடாக்கி, மேட்டில் டூரியன் நாட்டினர். இடையிடையே முள்முருக்கின் இன மரமொன்றை வளர்த்தனர். அதன் இலை வாய்க்காலில் விழுந்து மக்க, அந்தச் சேற்றை அள்ளி மரத்தடியில் இடுவதே பசளை. முள்முருக்கை வேலிக்கும் ஆட்டுக்கும் மட்டும் வைத்திருக்கும் நாம் இதைக் கவனிக்கலாம். நீண்ட காம்பையுடைய 'கான் யாவ்' முதலிய பல வகைகள் இத்தோட்டங்களிற் பேணப்பட்டவை. டூரியன் வேர் தேங்கிய நீரைத் தாங்காது. 2011ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் முதிய மரங்கள் ஏராளமாகப் பட்டுப்போயின. வெள்ளத்துக்குத் தப்பிய நிலத்தையும் வீடுகள் விலை பேசிக்கொண்டிருந்தன.

கிழக்கே சந்தபுரி, ரயோங் பக்கம் நிலைமை வேறு. 2003 ஒக்டோபரில் சீனாவுடன் பழங்களுக்கான தீர்வை நீக்கப்பட்டபின் மொந்தோங் பெருஞ்செல்வமாயிற்று. இறப்பர் மரங்களைத் தறித்தவர்களும் கலப்புத் தோட்டத்தை அழித்தவர்களும் அதையே நாட்டினர். கடன் தீர்த்து, பிள்ளைகளைப் படிப்பித்த கமக்காரரைக் குறைகூற எமக்கு மனமில்லை. எனினும் ஒரே வகை, ஒரே கொள்வனவாளர் என்பது ஆபத்தான இருப்பு. 2025 ஜனவரியில் மஞ்சட் சாயம் பற்றிய சோதனையைச் சீனா கட்டாயமாக்கியபோது, சாயத்தைத் தொட்டுமறியாத தோட்டக்காரரும் அதன் சுமையைத் தாங்க வேண்டியிருந்தது.

தெற்கில், நக்கோன் சி தம்மராட் மலையடிவாரத்திலுள்ள கிரிவொங் கிராமத்தில் பழைய முறை இன்னும் மிஞ்சியிருக்கிறது. 1988 நவம்பரில் மலைவெள்ளம் இக்கிராமத்தின் வீடுகளை அடித்துச் சென்றது. மக்கள் தமது சேமிப்புக் குழுவையும் தோட்டத்தையும் நம்பி மீண்டெழுந்தனர். மலைச்சரிவில் டூரியன், மங்குஸ்தான், லங்சாட், கமுகு யாவும் கலந்து நிற்கும் இத்தோட்டத்துக்கு 'சொம்ரொம்' என்று பெயர். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும்.

இங்குள்ள நாட்டு டூரியன் விதையில் முளைத்தது. சதை குறைவு, விதை பெரிது, வாசமோ ஊரைக் கூட்டும். ஏற்றுமதிக்கு எவரும் அதைக் கேட்பதில்லை. எஞ்சியதைப் பெண்கள் பெரிய தாச்சியிலிட்டு, மணிக்கணக்காகக் கிளறிக் களியாக்கி, கமுகம் மடலிற் பொதிந்து வைக்கின்றனர். பல மாதங்கள் கெடாதிருக்கும் அக்களியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி, வெறுந்தேநீருடன் உண்டோம்.