சீட்டுக்கட்டும் பங்குச் சந்தையும்

எந்தப் பங்கின் விலை ஏறும் என்று உறுதியுடன் உரைப்போர் எக்காலத்திலும் உளர். அவர்தம் சொல்லை நம்பிச் சேமிப்பைச் செலுத்துவோரும் உளர். அச்சொல் அறிவின் விளைவா, தற்செயலா என்பதை எங்ஙனம் அறிவது?

அமெரிக்கரான ஆல்ஃபிரட் கௌல்ஸ் இவ்வினாவுக்குக் கணக்கின் வழியே விடை தேடினார். 1928 முதல் 1932 வரை 16 ஆலோசனை நிறுவனங்கள் அளித்த ஏறத்தாழ 7,500 பரிந்துரைகளைத் திரட்டி ஆராய்ந்தார். 1933-இல் முடிவு வெளியாயிற்று. அவற்றின்படி நடந்தவர், சந்தையின் சராசரியைவிட ஆண்டுக்கு 1.43 விழுக்காடு குறைவாகவே பெற்றிருப்பார்!

"சிலரேனும் சரியாகச் சொல்லவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். சந்தையின் போக்கை முன்னுரைத்த 24 பேரையும் கௌல்ஸ் ஆராய்ந்தார். சீட்டுகளைக் கண்மூடி எடுத்து, அவை காட்டியவாறு போலிக் கணிப்புகளை உண்டாக்கி ஒப்பிட்டார். மனிதருள் முதல்வர் பெற்ற வெற்றியும் தற்செயலால் கிட்டக்கூடிய அளவினதே எனக் கண்டார்.

காரணம் எளிது. 1,024 பேர் ஆளுக்குப் பத்து முறை காசு சுண்டினால், பத்து முறையும் தலையே விழப்பெறும் ஒருவரை எதிர்பார்க்கலாம். அவரை மேதை என்போமா?

இன்று கணிப்பொறிகள் பழைய விலைகளின்மீது ஆயிரக்கணக்கான வணிக முறைகளைச் சோதிக்கின்றன. அவற்றுள் ஒன்று தற்செயலாகவே வெற்றி காட்டக்கூடும். ஆகவேதான், முறையை வகுக்கப் பயன்படாத வேறு காலத்து விலைகளிலும் அதனைச் சோதித்தல் வேண்டும். ஒருவர் வென்றார் எனக் கேள்வியுற்றால், முயன்றவர் எத்தனை பேர் என்று முதலில் வினவுங்கள்.