ஆலைக் கணக்கும் அலுவலகக் கணக்கும்

நூற்பாலையில் போடும் பஞ்சு முழுவதும் நூலாவதில்லை. 100 கிலோ பஞ்சில் 85 கிலோ நூலும் 15 கிலோ கழிவும் வந்ததாகக் கொள்வோம். ஆலைத் தளத்துக் கணிப்பொறி நூலை மட்டும் எண்ணி அலுவலகக் கணிப்பொறிக்கு அனுப்பினால் என்ன ஆகும்? இருப்பில் 85 கிலோ பஞ்சு மட்டுமே கழியும். கிடங்கில் இல்லாத 15 கிலோ ஏட்டில் இருக்கும். பஞ்சு கிலோ 170 ரூபாய் என்றால், ஒரு கிலோ நூலுக்குரிய பஞ்சுச் செலவும் 170 என்றே காட்டும். கழிவை விற்று வரும் பணம் நீங்கலாக, உண்மைச் செலவு 200 ரூபாய்! இப்பொய்யான அடக்கத்தை நம்பி விலை பேசினால் விற்க விற்க நட்டம். அது கடைசியில் தொழிலாளியின் தலையில்தான் வந்து விடியும்.

ஆலைத் தளமும் அலுவலகமும் எந்தெந்தச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பதை 2000-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஏ-95 தரநிலை வகுத்தது. எடுத்த பஞ்சு, விளைந்த நூல், விழுந்த கழிவு ஆகிய மூன்றும் சேர்ந்து செல்வதே இணைப்பு. கழிவையும் எடைபோட்டு எழுதும் ஆலையே தன் அடக்கவிலையை அறியும்.