லைபீரிய உள்நாட்டுப் போரின் முடிவில் பொருளாதாரத் தடையும் அரசதந்திரமும்

முன்னுரை

அயல்நாட்டில் நிகழும் உள்நாட்டுப் போரைத் தணிக்க உலக நாடுகள் பெரிதும் கையாளும் வழிகள் இரண்டு. போரிடுவோரின் பொருள்வரவைத் தடுத்தல் ஒன்று. அவர்களைப் பேச்சுக்கு அழைத்தல் மற்றொன்று. இவை தனித்து நின்றபோது பயன் குறைந்தமையையும், இணைந்தபோது பயன் மிகுந்தமையையும் மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஆயுதத் தடையின் போதாமை

1989 டிசம்பரில் சார்லஸ் டெய்லர் தொடங்கிய கிளர்ச்சி உள்நாட்டுப் போராக விரிந்தது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 1992 நவம்பரில் 788ஆம் தீர்மானத்தின்வழி ஆயுதத் தடை விதித்தது. ஆனால் வைரம், மரம் முதலியவற்றை விற்றுப் பணம் ஈட்டும் வழி அடைபடவில்லை. பணம் இருந்தவரை ஆயுதமும் எல்லை கடந்து வந்தது. 1995ஆம் ஆண்டின் அபுஜா உடன்படிக்கை 1997இல் தேர்தலுக்கு வழிவகுத்தது. டெய்லர் குடியரசுத் தலைவரானார். எனினும் 1999இல் மீண்டும் போர் மூண்டது.

வருவாயைக் குறிவைத்த தடை

அண்டை நாடான சியரா லியோனின் கிளர்ச்சியாளர்களுக்கு டெய்லர் துணைநின்றதால், 2001 மார்ச்சில் 1343ஆம் தீர்மானம் நிறைவேறியது. லைபீரிய வைரத்தின் ஏற்றுமதியும் உயர் அலுவலர்களின் வெளிநாட்டுப் பயணமும் தடுக்கப்பட்டன. தடைமீறல்களை ஆராய வல்லுநர் குழுவும் அமைக்கப்பட்டது. ஆயினும் மர வணிகம் விடுபட்டது. 1478ஆம் தீர்மானத்தின்படி மரத்தடை நடைமுறைக்கு வந்தது 2003 ஜூலையில்தான்.

பேச்சும் வெளியேறும் வழியும்

2003 ஜூன் 4 அன்று கானாவின் தலைநகர் அக்ராவில் அமைதிப் பேச்சு தொடங்கியது. அன்றே சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் டெய்லர் மீதான குற்றச்சாட்டை வெளியிட்டது. கானா அவரைக் கைது செய்யவில்லை. அவர் நாடு திரும்பினார். கிளர்ச்சிப் படைகள் தலைநகர் மன்ரோவியாவைத் தாக்கிய நிலையில், நைஜீரியா அவருக்கு அடைக்கலம் அளிக்க முன்வந்தது. ஆகஸ்ட் 11 அன்று அவர் பதவி விலகினார். ஆகஸ்ட் 18 அன்று அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது.

போர்க்களத்தின் நெருக்கடி இதில் பெரும்பங்கு வகித்தது. ஆதலின் தடையே போரை முடித்தது என்பது மிகைக்கூற்றாகும். தடை டெய்லரின் வருவாயைச் சுருக்கியது. அரசதந்திரம் அவர் விலகுவதற்குரிய வழியைத் திறந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

தடைநீக்கமும் விலையும்

2003 டிசம்பரில் 1521ஆம் தீர்மானம் தடைநீக்கத்திற்கான நிபந்தனைகளை வகுத்தது. காட்டு வருவாய் அரசின் கட்டுப்பாட்டில் வருதலும், வைரத்திற்குப் பிறப்பிடச் சான்று வழங்கும் முறை அமைதலும் அவற்றுள் அடங்கும். மரத்தடை 2006இலும் வைரத்தடை 2007இலும் நீங்கின. இவ்வாறு தடை, போருக்குப் பிந்தைய சீர்திருத்தத்திற்கும் கருவியாயிற்று. ஆயினும் மரத்தொழிலை நம்பியிருந்த எளிய உழைப்பாளர் தடைக்காலத்தில் வேலை இழந்தனர்.

அடைக்கலம் நீதியை ஒத்திவைத்தது. டெய்லர் 2006இல் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டு, 2012இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அத்தண்டனை சியரா லியோனில் நிகழ்ந்த குற்றங்கள் தொடர்பானது. லைபீரியப் போர்க் குற்றங்கள் அவ்வழக்கில் இடம்பெறவில்லை.

முடிவுரை

போருக்குப் பணம் தரும் பொருளைக் கண்டறிந்து தடுத்தல், பேச்சுடன் இணைத்தல், நீக்கும் நிபந்தனையை முன்னரே அறிவித்தல் ஆகிய மூன்றும் தடையின் பயனை மிகுவிக்கின்றன. அமைதியை விரைவுபடுத்தும் அடைக்கலம், பாதிக்கப்பட்டோருக்குரிய நீதியைத் தள்ளிவைக்கும் என்பதையும் லைபீரியா உணர்த்துகிறது.