தாமே வெட்டிய இசைத்தட்டு

'கராஜ் பங்க்' இசையை வரைவிலக்கணத்தால் விளக்குவதிலும் 'டெட் மூன்' குழுவின் கதையால் விளக்குவது எனக்கு எளிது. மோட்டார்க் கொட்டகைகளில் இளைஞர் ஒத்திகை பார்த்த முரட்டு றொக் இசையே அதன் வேர்.

இக்குழு 1987இல் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் உருவானது. பாடியவர் பிரெட் கோல். பேஸ் கிற்றார், அவர் மனைவி டூடி. ட்ரம்ஸ், அன்ட்ரூ லூமிஸ். 1968இலேயே 'லொலிபொப் ஷொப்' குழுவில் பாடிய பழுத்த கலைஞர் கோல். பெரிய கம்பனிகளை நம்பியிராமல் 'டூம்ஸ்டோன்' என்ற சொந்த வெளியீட்டகத்தைத் தம்பதியர் நடத்தினர்.

என்னை வியக்கவைப்பது அவர்களிடமிருந்த 1954ஆம் ஆண்டு வெட்டுப்பொறி. 1963இல் கிங்ஸ்மென் குழுவின் 'லூயி லூயி'யை வெட்டியதும் இதுவே என்பர். நாடாவில் பதிந்த இசைக்கேற்ப அதன் ஊசி அதிர்ந்து, அரக்குப் பூசிய தட்டில் சுருள்கோடு கீறும். அத்தட்டிலிருந்து அச்செடுத்தே இசைத்தட்டுகளைப் பெருக்குவர். தொழிற்சாலைகளுக்குரிய இந்த வெட்டு வேலையைக் கோல் தாமே செய்தார். ஒலியோ ஒற்றைத் தடம். இடம், வலம் என்ற பிரிவில்லை. கரடுமுரடுதான். ஆயினும் மூவரும் நம் அறையில் நின்று வாசிப்பதுபோல் இருக்கும். துப்புரவான ஸ்டீரியோப் பதிவுகள் பலவற்றில் இந்த நெருக்கம் எனக்குக் கிட்டியதில்லை.

ஐரோப்பிய இரசிகர்களே இவர்களை அதிகம் கொண்டாடினர். பின்னாளில் பேர்ல் ஜாம் என்ற பெருங்குழு இவர்களது பாடலொன்றை மேடைகளில் பாடியது. 2006இல் கலைந்த குழு, சில ஆண்டுகளின் பின் மீண்டும் கூடி வாசித்தது. லூமிஸ் 2016இலும் கோல் 2017இலும் மறைந்தனர். மேடையில் லூமிஸின் ட்ரம்ஸ்மேல், விஸ்கிப் போத்தலில் செருகிய மெழுகுதிரி ஒன்று எரிந்துகொண்டிருக்கும்.