ஒரு செல், ஒரு தொழில் – 14: உட்கருவைத் துறந்த ஊழியர்கள்

போன வாரம் வேர்த்தூவியோடு மண்ணுக்குள் கிடந்தோம். இந்த வாரம் இலைத்துளையின் காப்பு செல்கள் என்று சொல்லியிருந்தேன். அவை கொஞ்சம் பொறுக்கட்டும். வில்லியம் ஹியூசன் என்ற மனிதர் குறுக்கே வந்துவிட்டார். அவரை விட்டு நகர மனம் வரவில்லை.

ஹியூசன் 1739இல் பிறந்த ஆங்கிலேய உடற்கூறியல் அறிஞர். ரத்தத்தில் சிவப்புத் துகள்கள் மிதக்கின்றன என்பது அவர் காலத்தில் பழைய செய்தி. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், தன் கையால் தேய்த்த லென்ஸ் வழியே பார்த்து 1674இலேயே எழுதிவிட்டார். அதன்பின் பார்த்த பலரும் அந்தத் துகள் உருண்டை என்றார்கள். ஹியூசன் மட்டும், இல்லை, தட்டை என்றார்.

அவரிடம் ஒசத்தியான லென்ஸ் இருந்ததா? விஷயம் லென்ஸில் இல்லை. ரத்தத்தை அப்படியே வைத்துப் பார்த்தால் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், தனியாக ஒன்றும் தெரியாது. அதனால் தண்ணீர் கலந்து பார்ப்பது வழக்கம். ஹியூசன் தண்ணீருக்குப் பதிலாக, ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் சீரத்தைக் கலந்தார். தட்டையான வில்லைகள் தனித்தனியாகத் தெரிந்தன. பிறகு வேண்டுமென்றே தண்ணீர் சேர்த்தார். கண்ணெதிரே வில்லை உப்பி உருண்டையானது. உப்பு அதிகமானால் சுருங்கியது. அதுவரை பலர் பார்த்து வரைந்து வைத்ததெல்லாம் தண்ணீர் குடித்து வீங்கிய செல்லை! 1773இல் இதை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். இன்று ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் 0.9 சதவீதம் உப்பு இருப்பதும் இதே காரணத்தால்தான். வெறும் தண்ணீரை ரத்தக்குழாயில் ஏற்றினால் சிவப்பணுக்கள் வீங்கி வெடிக்கும்.

அடுத்த வருஷமே ஹியூசன் போய்விட்டார். பிணத்தை அறுக்கும்போது கையில் பட்ட காயம் சீழ் பிடித்தது, வயது 34. இதோடு முடியவில்லை. 1998இல் லண்டன் கிரேவன் தெருவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வாடகைக்கு இருந்த வீட்டைப் பழுதுபார்க்கும்போது, அடித்தளத்துக் குழியிலிருந்து மனித எலும்புகள் வந்தன. 1,200 துண்டுகளுக்கு மேல். குறைந்தது 15 பேருடையவை. அமெரிக்காவை உருவாக்கிய பெரியவர்களில் ஒருவர் குடியிருந்த வீட்டில் எலும்புக் குழி என்றால் ஊர் சும்மா இருக்குமா? விசாரித்தால் எல்லாம் ஹியூசன் வேலை. அந்த வீட்டுக்காரம்மாவின் மகளைக் கட்டியவர் அவர். அங்கேயே உடற்கூறியல் பள்ளி நடத்தியிருக்கிறார். குழியில் கிடந்த ஆமை எலும்பில் பாதரசம்கூட இருந்தது. ஆமையின் நிணநீர்க் குழாய்களில் பாதரசம் செலுத்தி அவர் ஆராய்ந்தது எழுத்திலேயே உள்ள செய்தி.

சரி, செல்லுக்கு வருவோம். அது ஏன் தட்டை?

நடுவில் இருபுறமும் பெருவிரலால் அழுத்திய அதிரசம் போன்ற வடிவம். குறுக்களவு ஏழெட்டு மைக்ரான். இதே கொள்ளளவை உருண்டையாகப் பிடித்தால் கிடைக்கும் பரப்பைவிட இந்த வடிவத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் பரப்பு கிடைக்கிறது. ஆக்சிஜன் உள்ளே போக, வெளியே வர அவ்வளவு இடம். உள்ளே எந்த மூலையும் சவ்விலிருந்து தூரமில்லை. பாடநூல் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும். எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று: மேல்தோல் தளர்வாக இருப்பதால் செல் எப்படி வேண்டுமானாலும் மடங்கும். தன்னைவிடக் குறுகிய தந்துகிக்குள் நீண்டு நுழையும். மண்ணீரலில் ஒரு மைக்ரான் அளவுப் பிளவுகள் உண்டு. அவற்றின் வழியாகவும் பிதுங்கி வெளியே வரும். வயதாகி விறைத்துப்போன செல் அங்கே மாட்டிக்கொள்ளும். காத்திருக்கும் விழுங்கு செல்கள் அதைத் தின்றுவிட்டு, இரும்பை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும்.

இப்படி மடங்குவதற்கு உள்ளே கெட்டியாக எதுவும் இருக்கக்கூடாது. அதனால் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. எலும்பு மஜ்ஜையில், ஒரு பெரிய விழுங்கு செல்லைச் சுற்றிக் குஞ்சுச் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. முதிர்ந்ததும் ஒவ்வொன்றும் தன் உட்கருவைப் பிதுக்கித் துப்ப, நடுவில் இருப்பது அதை விழுங்கிவிடுகிறது. அடுத்த ஓரிரு நாளில் மைட்டோகாண்ட்ரியாவும் போகும், ரைபோசோமும் போகும். இது உங்கள் எலும்புக்குள் வினாடிக்கு 20 லட்சம் தடவைக்கு மேல் நடந்துகொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் பைக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், சுமக்கும் ஆக்சிஜனில் ஒரு துளியும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துப் பிழைக்கிறது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கி வழியே ஒரு தடவை பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்லைடில் இழுத்துச் சாயமேற்றிய மெல்லிய படலத்தில் இளஞ்சிவப்பு வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் வெளிறிய புள்ளி. அந்த வெளிறல் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. ஓரத்தில் வெறும் வளையமாகச் சிவப்பு நின்றால் இரும்புச்சத்துக் குறைவோ என்று சந்தேகப்படுவார்கள். செல்லின் அளவு சரியா என்று பார்க்க அவர்களுக்கு ஸ்கேல் வேண்டாம். பக்கத்தில் கிடக்கும் சின்ன லிம்ஃபோசைட்டின் ஊதா நிற உட்கருவே அளவுகோல். நல்ல சிவப்பணு ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும்.

உட்கரு இல்லையென்றால் பழுதுபார்க்கப் புதுப் புரதம் செய்ய வழியில்லை. ஆயுள் 120 நாள், அவ்வளவுதான். இந்தக் குறையில்தான் சர்க்கரைக்காரர்களின் ‘மூணு மாச டெஸ்ட்’ பிழைக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் குளுக்கோஸ், ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதை மாற்றிப் புதிது வைக்கச் செல்லுக்கு வக்கில்லை. ஆகவே சாகும்வரை அந்தக் கணக்கு அழியாது. டெஸ்டுக்கு முதல் நாள் ஸ்வீட்டைத் தொடாமல் இருந்துவிட்டு ஹெச்பிஏ1சி-யை ஏமாற்றலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

‘உட்கருவை நீக்கினால் இடம் அதிகம், ஆகவே ஆக்சிஜன் அதிகம்’ என்று ஒரே வரியில் முடிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு பத்திரமாக இருக்கிறது. குளிர்காலத்தில் நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையையே தாண்டிப் போகும் இனம். உடலில் கருவி கட்டிப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேல் பறந்தது பதிவாகியிருக்கிறது. நம்மில் பலர் மூச்சுத் திணறிச் சுருண்டு விழும் உயரம் அது. அதன் வெற்றி செல்லின் வடிவத்தில் மட்டும் இல்லை. ஆக்சிஜனை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்படி ஹீமோகுளோபினிலேயே மாற்றம், பெரிய நுரையீரல், தசைக்குள் அடர்ந்த தந்துகிகள் எல்லாம் சேர்ந்து தூக்குகின்றன. பாலூட்டிகளின் செல் ஒரு வழியில் போனது, பறவையின் செல் இன்னொரு வழியில் போனது. ஒரு செல் எதைத் துறந்தது என்று கேட்டால் மட்டும் போதாது. துறந்தபின் அதை யார் பராமரிக்கிறார்கள் என்றும் கேட்கவேண்டும்.

இந்தக் கேள்விக்கு அழகான பதில் பனைமரத்தில் இருக்கிறது.

இலையில் தயாரான சர்க்கரையைச் செடி முழுக்கக் கொண்டுபோவது சல்லடைக் குழாய்கள். 1837இல் தியோடர் ஹார்டிக் என்ற ஜெர்மானிய வனவியலாளர் கண்டு சொன்னவை. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் நீள செல்கள். இடையே ஓட்டை போட்ட தட்டுகள். சாறு தடையில்லாமல் ஓடவேண்டும் என்பதால் இவையும் உட்கருவை இழக்கின்றன, ரைபோசோமை இழக்கின்றன, பெரிய நுண்குமிழையும் இழக்கின்றன. ஆனால் உயிர் போவதில்லை. ஒட்டி நிற்கும் துணைச் செல்தான் பார்த்துக்கொள்கிறது. ஒரே தாய்ச்செல் சமமில்லாமல் பிரிந்து பிறந்த உடன்பிறப்புகள் இவை. பெரியது குழாயாகிவிட, சிறியது உட்கருவையும் நிறைய மைட்டோகாண்ட்ரியாவையும் வைத்துக்கொண்டு, இடையே உள்ள நுண்துளைகள் வழியாகத் தேவையானதை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

மாமரம் போன்றவற்றில் பட்டைக்கு உள்புறம் புதுக் குழாய்கள் பிறந்துகொண்டிருக்கும். பழையவை ஓய்வு பெறும். பனைக்கு அந்த வசதி இல்லை. அதன் தண்டு பருத்துப் புதுத் திசு போடுவதில்லை. அப்படியானால் அடிமரத்துக் குழாய்கள்? அந்தப் பகுதி உருவான நாளில் வந்தவையேதான். ஐம்பது வயதுப் பனை என்றால், உட்கரு இல்லாமலே ஏறத்தாழ அவ்வளவு காலம் உயிரோடு உழைத்துக்கொண்டிருக்கின்றன. துணை இல்லாத சிவப்பணுவுக்கு 120 நாள்.

பனையேறி தினமும் பாளையை ஏன் சீவுகிறார்? இடுக்கியால் பாளையை நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய வில்லையாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். சொட்டுவது இந்தக் குழாய்ச் சாறு; நூற்றில் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. வெட்டுப்பட்ட குழாய் சும்மா இருக்காது. சல்லடைத் துளைகளில் கேலோஸ் என்ற பொருளைப் படியவிட்டு அடைத்துக்கொள்ளும். மறுநாள் அதற்குக் கீழே ஒரு சீவல் எடுத்தால்தான் பதநீர் மறுபடி இறங்கும். அடைப்பது செல்லின் தொழில், திறப்பது பனையேறியின் தொழில். மாதக்கணக்கில் இந்த இழுபறி நடக்கிறது.

இதே பனையின் தண்டுக்குள், பக்கத்திலேயே, நீரை மேலே ஏற்றும் சைலம் குழாய்கள் நிற்கின்றன. அவற்றின் செல்கள் சுவரை லிக்னினால் கெட்டியாக்கிக்கொண்டு, உள்ளே இருப்பதை எல்லாம் தாமே கரைத்துவிட்டுச் செத்துப்போகின்றன. செத்தபின்தான் வேலைக்கே வருகின்றன. அடுத்த வாரம் அவைதான். காப்பு செல்கள் அதற்கடுத்த வாரம்.