சேஃப்டி வால்வில் எம்-சீல் பூசாதீர்கள்

சேஃப்டி வால்வின் வாயில் எம்-சீல் அப்பிய பிரஷர் பாட் ஒன்றை முதலில் பார்த்தபோது, ஏதோ தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நான்காவதைப் பார்த்தபோது கோபம்தான் வந்தது. எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றே: “அது வழியாத்தான் சார் காத்து போகுது, அதான் அடைச்சேன்.” காற்று போவதற்காகவே வைத்த வழியை அடைத்துவிட்டு, கசிவைச் சரிசெய்ததாகச் சந்தோஷப்படுகிறார்கள்.

கல்யாண மாலையை ரெசினில் உறையவைப்பவர்கள், சாவிக்கொத்தும் பேனாவும் வார்ப்பவர்கள் இந்தப் பானையை வாங்குவது குமிழிக்காக. 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் குமிழி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி, ரெசின் இறுகும்வரை கண்ணில் படாமல் கிடக்கும். இறுகுமுன் காற்று கசிந்தால் குமிழி மறுபடி ஊதிக்கொள்ளும், வார்ப்பு வீண். அந்த அவசரத்தில்தான் கையில் கிடைத்ததையெல்லாம் பூசுகிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்து அங்குல விட்டமுள்ள மூடி, உள்ளே வெறும் 40 பி.எஸ்.ஐ. என்றாலும் மூடியை மேலே தள்ளும் விசை சுமார் 1,400 கிலோ. அதன் மேல் குனிந்துகொண்டுதான் ஸ்பேனரால் இறுக்குகிறீர்கள். எந்தத் திருகைத் தொடுவதானாலும் காற்றை முழுக்க வெளியேற்றி, கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே தொடுங்கள்.

கசிவைத் தேட 10 பி.எஸ்.ஐ. போதும். உள்ளே வரும் வால்வை மூடி ஹோஸைக் கழற்றிவிடுங்கள். முதல் சில நிமிடங்களில் முள் கொஞ்சம் இறங்குவது கசிவல்ல. ஏற்றும்போது சூடான காற்று ஆறுகிறது, அவ்வளவுதான். பிறகு சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள்.

நுரை மூடியின் விளிம்பில் எழுந்தால், பெரும்பாலும் கேஸ்கெட்டின் மேல் சொட்டி இறுகிய ரெசின் துணுக்குதான் காரணம். துடைத்துவிட்டு, கிளாம்ப்புகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையாலேயே இறுக்குங்கள். இறுக்கக் குழாய் செருகி நெம்பினால் கிளாம்ப்தான் வளையும். கேஸ்கெட் வெடித்திருந்தால் அதே அளவில் புதியது போடுங்கள்.

மரைகளில் நுரை வந்தால் விஷயம் வேறு. அமெரிக்காவுக்காகச் செய்த பானைகளில் என்.பி.டி. மரை இருக்கும்; நம் ஹார்டுவேர் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.எஸ்.பி. கால் அங்குல அளவில் முன்னதற்கு அங்குலத்துக்கு 18 மரை, பின்னதற்கு 19. இரண்டு சுற்று ஏறும், பிறகு முரண்டு பிடிக்கும். நாம் அதை ‘டைட்’ என்று நினைத்துக்கொள்வோம். எத்தனை டெஃப்லான் டேப் சுற்றினாலும் அது நிற்காது. பழைய ஃபிட்டிங்கைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். சரியான மரைக்கு, நுனி முதல் மரையை விட்டுவிட்டு, திருகும் திசையிலேயே மூன்று சுற்று டேப் போதும்.

சேஃப்டி வால்விலேயே கசிவா? முதலில் ரெகுலேட்டரை வால்வின் அளவுக்கு மேல் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் வளையத்தைச் சில முறை இழுத்துவிடுங்கள், தூசி பறந்துவிடும். அப்படியும் நிற்காவிட்டால் அதே அழுத்த அளவுள்ள புது வால்வு மாற்றுங்கள். கூடுதல் அளவு வேண்டாம். அடைக்கவும் வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், அடைக்கவே வேண்டாம்.

வெல்டிங் கோட்டிலோ பானையின் உடலிலோ நுரை வந்தால் அது உங்கள் வேலையே அல்ல. தெருமுனை வெல்டரிடம் ஓடாதீர்கள், எம்-சீல் டப்பாவைத் திறக்காதீர்கள். அது திருப்பி அனுப்ப வேண்டிய பொருள். கைவைத்தால் உங்கள் உரிமையும் கைநழுவும். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாத குறையென்றால் நுகர்வோர் ஆணையம் பொருளைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். அங்கே எம்-சீல் பூசிய பானை போனால் விற்றவர் தரப்பு என்ன சொல்லும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நுரை எழுவதை வீடியோ எடுங்கள். பில், உடலில் பொறித்த அதிகபட்ச அழுத்த அளவு, பெட்டியில் உள்ள இறக்குமதியாளர் பெயர், விலாசம் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். ஆன்லைனில் வாங்கியதென்றால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். சாட்டில் பேசுகிறவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். “வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை” என்று எதிர்த்தரப்பு சொன்னதும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7)இன் விளக்கம், சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. அந்த வாக்கியத்தைப் புகார் மனுவிலேயே எழுதுங்கள்: ‘சுயதொழில் மூலம் என் பிழைப்புக்காக, நானே பயன்படுத்த வாங்கினேன்.’ பில் உங்கள் பெயரில் இருப்பது நல்லது. விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாகவும், தாக்கல் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. “பார்க்கலாம்” என்று கடைக்காரர் இழுத்தடிப்பதிலேயே அது கரைந்துவிடும்.

இந்தத் தலைவலியே வேண்டாமென்று சமையல் குக்கரைப் பானையாக மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். குக்கர் வேலை செய்வது 15 பி.எஸ்.ஐ. அளவில். அதில் 40 ஏற்றுவது தற்கொலை முயற்சி. வேக்குவம் பாத்திரத்தின் அக்ரிலிக் மூடியும் அப்படித்தான். அது வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கவே செய்தது.

புகார் முடியும்வரை குறையுள்ள பானையை அப்படியே வைத்திருங்கள். முடிந்ததும் பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் அதன் உடலில் ட்ரில்லால் ஒரு துளை போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இன்னொருவர் மலிவாக வாங்கிப்போய், ஒரு டப்பா எம்-சீலும் வாங்குவார்.